‘வேறென்ன செய்யுது?’: நோயாளியிடம் சிஸ்டம் வாரியாகக் கேட்பது எப்படி?

கேள்வி இதுதான்: “மெடிசின் வார்டில் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருக்கிறேன். நோயாளி என்ன தொந்தரவுக்கு வந்திருந்தாலும் இதயம், நுரையீரல், வயிறு, சிறுநீர், நரம்பு என்று ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் அறிகுறிகளைக் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்கிறார்கள். ஓ.பி.யில் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இதனால் உண்மையில் பயன் உண்டா? படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் எப்படிக் கேட்பது?”

பயன் உண்டு. ஆனால் கேஸ் ஷீட்டில் அச்சடித்திருக்கும் வரிசையிலேயே, அந்த வார்த்தைகளை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இருபது வருடத்துக்கு மேல் பொது மருத்துவம் பார்க்கிறேன். முதலில் தாலுகா மருத்துவமனை, பிறகு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. இதில் நான் கற்றது பாதி என் தவறுகளிலிருந்து வந்தது. அதனால் ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் அசதி என்று வந்தார். கண் வெளுத்திருந்தது, ஹீமோகுளோபின் 7. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது கொஞ்சம் ஏறியிருந்தது, தொடரச் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் வந்தபோது பக்கத்தில் ஒரு ஹவுஸ் சர்ஜன் உட்கார்ந்திருந்தார். அவர் கேஸ் ஷீட்டைப் பார்த்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, “வெளிக்குப் போறதுல ஏதாவது மாற்றம் உண்டா?” என்றார். “மூலம் இருக்குங்க, ஆறு மாசமா அப்பப்ப ரத்தம் படும். நாட்டு மருந்து சாப்பிடறேன்” என்று பதில் வந்தது. என்னிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. அசதிக்கு வந்த இடத்தில் மூலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, நானும் கேட்கவில்லை. மூலமும் இல்லை அது. பெருங்குடலில் புற்றுநோய். வயதான ஆணுக்குக் காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. இரண்டு மாதம் போய்விட்டது.

சிஸ்டம் வாரியாகக் கேட்பதன் முழு நியாயமும் அந்தச் சம்பவத்தில் இருக்கிறது. நோயாளி சொல்லாமல் விடுவதற்கு மூன்று காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் நினைக்கிறார். அல்லது சொல்லக் கூச்சப்படுகிறார். அல்லது ‘வயசானா அப்படித்தான்’ என்று அதை நோயாகவே எண்ணுவதில்லை. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான், நாமாகப் போய்க் கேட்க வேண்டும். இன்னொரு பயனும் உண்டு. நெஞ்சு வலி என்று வந்தவருக்கு வேர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, நடந்தால் வலி கூடவில்லை, அழுத்தினால் வலிக்கிறது என்று எழுதினால், அந்த ‘இல்லை’கள்தான் அவரை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

கேள்விகளுக்கு எவ்வளவு வலிமை என்று இங்கிலாந்தில் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள், 1975-ல் வெளியானது. புதிதாக ஓ.பி.க்கு வந்த 80 பேரில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டு முடித்ததுமே மருத்துவர் போட்ட கணிப்பு கடைசி முடிவோடு ஒத்துப்போனது. உடலைத் தொட்டுப் பார்த்ததால் மாறியது 7 பேருக்கு, லேப் பரிசோதனையால் மாறியது 7 பேருக்கு. இன்று ஸ்கேன்கள் பெருகிவிட்டன, கணக்கு மாறியிருக்கலாம். ஆனால் எந்த ஸ்கேனை, உடம்பின் எந்த இடத்தில் எடுப்பது என்பதை இன்றும் கேள்விகள்தான் முடிவு செய்கின்றன.

இதே பழக்கம் எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு உதாரணம். அங்கே 1995, 1997 ஆண்டுகளில் வந்த அரசுக் காப்பீட்டு விதிகள் உடம்பை 14 சிஸ்டமாகப் பிரித்தன. குறைந்தது பத்தைக் கேட்டுப் பதிவு செய்தால் ‘முழுமையானது’ என்று கணக்கு, கட்டணத்தின் படிநிலையும் அதைப் பொறுத்தது. விளைவு, கால் விரலில் ஆணி என்று வந்தவருக்கும் கண், காது, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் ‘இல்லை, இல்லை’ என்று கம்ப்யூட்டரில் டிக் விழுந்தது. கேட்டார்களா என்பது வேறு விஷயம். 2021-ல் ஓ.பி. சந்திப்புகளுக்கு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எத்தனை சிஸ்டம் கேட்டார்கள் என்பதை வைத்து இப்போது அங்கே கட்டணம் இல்லை. நம் ஊர் கேஸ் ஷீட்டில் பணம் சம்பந்தப்படவில்லை, ஆனால் மதிப்பெண் சம்பந்தப்பட்டிருக்கிறது. கேட்காமலே ‘நார்மல்’ என்று எழுதும் பழக்கம் அங்கிருந்துதான் ஒட்டிக்கொள்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கேட்காததைக் காலியாக விடுங்கள். அடுத்து ஷீட்டைப் பார்ப்பவர் அங்கே கேட்டுக்கொள்வார். ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நம் நோயாளிகளின் சொற்களுக்கும் பாடப்புத்தக அறிகுறிகளுக்கும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் கிடையாது.

‘மயக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். “மயக்கமா வருதுங்க” என்று ஒருவர் சொன்னால் நாலு விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம். அறை சுற்றுவது போல இருப்பது காதின் உள்பகுதியிலிருந்தோ சிறுமூளையிலிருந்தோ வருவது. எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவது ரத்த அழுத்தம் இறங்குவதால், அல்லது இதயத் துடிப்புக் கோளாறால். நினைவு தப்பி விழுந்து எழுவது இன்னொன்று. வெறும் அசதியையும் பசியையும்கூட மயக்கம் என்பவர்கள் உண்டு. நான்குக்கும் போகும் பாதை வேறு வேறு. நான் அந்தச் சொல்லை மட்டும் எழுதி நிறுத்தமாட்டேன். “மயக்கம்னா எப்படி? சுத்துதா, கண்ணு இருட்டுதா, விழுந்தே போயிட்டீங்களா, இல்ல சத்து இல்லாத மாதிரி இருக்கா?” என்று கேட்பேன். இந்த ஒரு வாக்கியம் ஒரு ஸ்கேன் செலவை மிச்சம் பிடித்த நாட்கள் பல.

‘நெஞ்சு’ என்றால் தொண்டைக்குழியிலிருந்து தொப்புளுக்கு மேல் வரை எதுவும் நெஞ்சுதான். அதனால் கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரலால் ஒரு புள்ளியைக் காட்டுகிறாரா, உள்ளங்கையை வைத்துத் தடவுகிறாரா, முஷ்டியை மூடி அழுத்துகிறாரா என்று பாருங்கள். ‘வாய்வு’ என்பது இன்னும் ஆபத்தான சொல். மாரடைப்போடு வரும் எத்தனையோ பேர் வாசலில் சொல்வது “வாய்வு பிடிச்சிருக்கு” என்றுதான். சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, ஏப்பம் விட்டும் போகாததால் வந்திருப்பார்கள். முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். மேல்வயிற்று உப்புசம், தாடை வலி, திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வேர்வை ஆகிய இவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். வாய்வு என்ற சொல் காதில் விழுந்தால் கை இ.சி.ஜி.யைத் தேட வேண்டும்.

‘இடுப்பு வலி’ என்றால் கீழ்முதுகா, விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் பக்கமா, தொடை தொடங்கும் மூட்டா என்று தெரியாது. ‘சளி’ மூக்கில் ஒழுகுவதும்தான், நெஞ்சிலிருந்து இருமி வருவதும்தான். ‘எரிச்சல்’ என்றால் தோலில், கண்ணில், பாதத்தில், சிறுநீரில் என்று எங்கேயும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். ‘நீர்க்கடுப்பு’ என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரிகிறது. ஆனால் எரிகிறதா, அடிக்கடி வருகிறதா, அடக்க முடியவில்லையா, சொட்டுச் சொட்டாக வருகிறதா என்று பிரித்துக் கேட்டால்தான் தொற்றையும் புராஸ்டேட் வீக்கத்தையும் வேறுபடுத்தலாம். ‘உள்காய்ச்சல்’ என்பதைச் சில மருத்துவர்கள் ஏளனமாகத் தள்ளிவிடுகிறார்கள். தெர்மாமீட்டரில் தெரியாத காய்ச்சல் என்று அவர் சொல்வது சில நேரம் மாலையில் மட்டும் ஏறும் காய்ச்சல். காலை ஓ.பி.யில் பார்த்தால் எப்படித் தெரியும்? வீட்டில் சாயங்காலம் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது, கேள்வியை அவர் வாழ்க்கைக்குள் கொண்டுபோய் வைப்பது. “எத்தனை தலையணை வெச்சுப் படுப்பீங்க?” என்று இதயச் செயலிழப்புக்கு ஒரு கேள்வியை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தரையில் பாய் விரித்து, தலையணையே இல்லாமல் படுக்கும் பெரியவரிடம் இதைக் கேட்டு “ஒண்ணுமில்லை” என்று பதில் வாங்கி, ‘படுத்தால் மூச்சுத்திணறல் இல்லை’ என்று எழுதிய ஷீட்டைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கிக்கொண்டிருந்தார். “மல்லாந்து படுக்க முடியுதா? ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருறீங்களா? ஜன்னல் பக்கமோ திண்ணைக்கோ போகத் தோணுதா?” என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று குடிசையில் இருப்பவரிடம் கேட்பதில் அர்த்தமில்லை. தண்ணீர்க் குடம் தூக்கும்போது, வயலுக்கு நடக்கும்போது, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடக்கும்போது எப்படி என்று கேளுங்கள். எனக்கு மிகவும் உதவும் கேள்வி, “உங்க வயசுக்காரங்களோட ஈடு கொடுத்து நடக்க முடியுதா, பின்தங்கிடறீங்களா?” என்பது. போன தீபாவளிக்குச் செய்த வேலை இப்போது முடிகிறதா என்று ஒப்பிட்டுக் கேட்பதும் நல்லது. பலர் மூச்சு வாங்காமல் இருப்பது, மூச்சு வாங்கும் வேலையை விட்டுவிட்டதால்.

எடை குறைந்ததா என்றால் தெரியாது என்பார்கள். சட்டை, ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டதா, வளையல் நழுவுகிறதா, பெல்ட்டில் புதுத் துளை போட்டீர்களா என்றால் தெரியும். ரத்தசோகை உள்ளவரிடம் பச்சை அரிசி, மண், விபூதி, சிலேட்டுக் குச்சி தின்னத் தோன்றுகிறதா என்று சிரிக்காமல் கேளுங்கள். மலம் கறுப்பா என்றால் “ஆமா” என்பார். ‘தார் மாதிரி, பிசுபிசுன்னு, நாத்தமா’ என்று சேர்த்துக் கேட்டு, இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள், அந்த மாத்திரையும் கறுப்பாக்கும். விழுங்கச் சிரமம் என்பவரிடம் “சோறு மட்டும் அடைக்குதா, தண்ணியும் அடைக்குதா? எது முதல்ல தொடங்கிச்சு?” என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். முதலில் திட உணவு, பிறகு தண்ணீர் என்று போனால் உணவுக்குழாய் அடைபடுகிறது என்று பொருள், தாமதிக்கக் கூடாது.

நரம்பு மண்டலத்துக்கு நம் மக்களே உருவாக்கி வைத்திருக்கும் ஒரு அருமையான அறிகுறி உண்டு. “செருப்பு கால்ல இருந்து கழண்டு போனது தெரியலைங்க, கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் பார்த்தேன்.” சர்க்கரையால் பாத நரம்பு கெட்டுப்போனதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதனால் நானே கேட்டுவிடுவேன்: “செருப்பு கழண்டா தெரியுதா? பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கா? முகம் கழுவக் கண்ணை மூடினா தள்ளாடுதா?” கண்ணை மூடும்போது தடுமாறினால் காலின் நிலையுணர்வு போயிருக்கிறது. வைட்டமின் பி12 குறைவையும் அப்போது நினைக்க வேண்டும், குறிப்பாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களிடம். உட்கார்ந்து எழச் சிரமமா, மேலே இருக்கும் டப்பாவை எடுக்கச் சிரமமா என்று கேட்டால் இடுப்பு, தோள் தசைகளின் பலவீனம் தெரியும். சட்டைப் பித்தானைப் போட முடிகிறதா, சோறு பிசைய முடிகிறதா என்பது விரல்களுக்கு. தோலில் வெளுத்த தேமல் இருந்தால் அங்கே உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டுத் தொட்டும் பாருங்கள், தொழுநோய் இன்னும் போய்விடவில்லை.

இனி நேரம். உலக நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று தொகுத்த ஆய்வு 2017-ல் வந்தது. பங்களாதேஷில் 48 விநாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல், இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிடம். உங்கள் மூன்று நிமிடப் புலம்பல் நியாயமானதுதான். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் முதல் ஒன்றரை நிமிடத்தை நோயாளிக்கே கொடுத்துவிடுங்கள் என்பேன். விசித்திரமாகத் தோன்றும். அமெரிக்காவில் 1984-ல் வெளியான ஓர் ஆய்வில் மருத்துவர்கள் சராசரியாக 18 விநாடியில் குறுக்கிட்டார்கள். 2002-ல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தபோது நோயாளிகள் சராசரியாக 92 விநாடியில் தாங்களே பேசி முடித்தார்கள். அந்த 92 விநாடியில் நீங்கள் கேட்க நினைத்த பாதிக் கேள்விகளுக்குப் பதில் வந்துவிடும். மீதியை மட்டும் கேட்டால் போதும்.

மீதியை நான் கேட்பது இப்படி. வந்த தொந்தரவு எந்த சிஸ்டத்தைச் சேர்ந்ததோ அதை முழுசாகக் கேட்பேன். அடுத்து, அதே தொந்தரவை உண்டாக்கக்கூடிய பக்கத்து சிஸ்டங்களில் முக்கியமானவற்றை மட்டும். மூச்சுத்திணறல் என்றால் நுரையீரலோடு இதயமும் ரத்தசோகையும் சிறுநீரகமும் வந்துவிடும். கடைசியாக, யார் வந்தாலும் விடாமல் கேட்கும் ஒரு கைப்பிடிக் கேள்விகள்: பசி எப்படி, எடை எப்படி, தூக்கம் எப்படி, காய்ச்சல் உண்டா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, வெளிக்கு, ஒன்னுக்குப் போவதில் மாற்றம் உண்டா, பெண்களுக்கு மாதவிலக்கு எப்படி, மனசு எப்படி. நாற்பது விநாடிக்குள் முடியும். வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போதும் கால் வீக்கம் பார்க்கும்போதும் கேட்கலாம். ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில் இருக்கும்போது மட்டும் வேண்டாம், இரண்டும் காதில் விழாது. வார்டில் சேர்த்தவருக்கு இந்தச் சுருக்கம் போதாது. அங்கே நேரம் இருக்கிறது, தலை முதல் கால் வரை கேட்டே ஆக வேண்டும்.

காய்ச்சலை வைத்து இதைக் காட்டுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் மழைக்காலம் தொடங்கினால் ஓ.பி.யில் பாதி அதுதான். நான்கு நாள் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. இதை மட்டும் எழுதினால் அது டெங்குவாகவும் இருக்கலாம், ஸ்கரப் டைபஸாகவும் எலிக்காய்ச்சலாகவும் டைபாய்டாகவும் இருக்கலாம். சிஸ்டம் வாரியாகப் போனால்தான் பிரியும். வயிறு: கடுமையான வலி, நிற்காத வாந்தி. வாய், மூக்கு, ஈறு: ரத்தக் கசிவு. நரம்பு: சோர்ந்து தூங்கி வழிகிறாரா, நிலைகொள்ளாமல் இருக்கிறாரா. டெங்குவில் இவை அபாய அறிகுறிகள். காய்ச்சல் விட்டதும் “சரியாயிடுச்சு” என்று வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் இவை தலைகாட்டும், அதனால் காய்ச்சல் இறங்கிய நாளில் இன்னும் கவனமாகக் கேளுங்கள். தசை: கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, தேங்கிய தண்ணீரிலோ சேற்றிலோ வேலை செய்தாரா? எலிக்காய்ச்சல் பக்கம் போகிறது. சிறுநீர்: எரிச்சல், இடுப்பின் பக்கவாட்டில் வலி, கம்பளி போர்த்தியும் நிற்காத நடுக்கம். அப்போது சிறுநீரகத் தொற்று.

தோல் மட்டும் தனிக்கதை. ஸ்கரப் டைபஸில் சின்ன உண்ணிப்பூச்சிக் குஞ்சு கடித்த இடத்தில், பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு வரும். அது வலிக்காது, அரிக்காது. எனவே “தோலில் ஏதாவது புண் உண்டா?” என்றால் நோயாளி உண்மையாகவே இல்லை என்பார். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, சேலையோ வேட்டியோ இறுக்கும் இடம் என்று நாமே பார்க்க வேண்டும். கேட்பதன் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அந்தப் பொருக்கு கிடைத்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கலாம், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

காய்ச்சலை விட்டு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், மறந்துவிடுவேன். விடியற்காலையில் திடீர் வயிற்று வலி, வாந்தி என்று ஒருவர் வந்தால் “ராத்திரி தரையில படுத்திருந்தீங்களா? கண் இமை கனமா இருக்கா? விழுங்க முடியுதா?” என்று கேட்டுவிடுங்கள். கட்டுவிரியன் கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. சிலருக்கு வயிற்று வலிதான் முதலில் வரும். இரைப்பை அழற்சி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டால் சில மணி நேரத்தில் மூச்சு நின்றுபோகலாம்.

கூச்சம் தொடர்பான கேள்விகளுக்கு இடமும் ஆளும் முக்கியம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகளிடம் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்டால் “அதெல்லாம் இல்லைங்க” என்பதுதான் பதில். “அம்மா, நீங்க வெளியில அஞ்சு நிமிஷம் உட்காருங்க, நான் பரிசோதனை பண்ணணும்” என்று சொல்லி, பெண் செவிலியரை உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். மாதவிலக்கைப் பற்றிக் கேட்க, வயதானவர்களிடம் ‘தலைக்குக் குளிச்சது எப்போ’, ‘வீட்டுக்குத் தூரம்’ என்ற சொற்கள் இன்னும் செல்லும். இளம் பெண்கள் ‘பீரியட்ஸ்’ என்றே சொல்கிறார்கள். நிறையப் போகிறதா என்று கேட்டால் எல்லோரும் “சாதாரணமாத்தான்” என்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாக வருகிறதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்று எண்ணிக்கையில் கேட்டால் உண்மை தெரியும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் வயிற்று வலி என்று வந்தால், மாதவிலக்குப் பதில் என்னவாக இருந்தாலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல. கருக்குழாயில் கரு தங்கியிருக்கும்போது வரும் ரத்தப்போக்கை அவரே மாதவிலக்கு என்று எண்ணியிருக்கலாம்.

ஆண்களிடமும் கூச்சம் உண்டு, நாம்தான் மறந்துவிடுகிறோம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவரிடம், “இந்த நோய் இருக்கறவங்களுக்குத் தாம்பத்தியத்துல சிரமம் வர்றது உண்டு, உங்களுக்கு எப்படி?” என்று பொதுவாகத் தொடங்கினால் பேசிவிடுவார்கள். குடியைப் பற்றியும் “குடிப்பீங்களா?” என்று அதட்டாமல், “எப்பவாவதா, தினமுமா, எவ்வளவு?” என்று கணக்காகக் கேளுங்கள்.

மனதைப் பற்றிய கேள்விதான் அதிகம் விடுபடுகிறது. நேரமில்லை என்பதோடு, பதில் வந்தால் என்ன செய்வது என்ற பயமும் நமக்கு இருக்கிறது. ‘மன அழுத்தம் உண்டா’ என்ற கேள்விக்குக் கிராமத்தில் பதில் வராது. “மனசு பாரமா இருக்கா? முன்னே பிடிச்ச விஷயம் இப்பவும் பிடிக்குதா? விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதா?” இவற்றுக்கு வரும். ஆமாம் என்றால் அடுத்த கேள்வியை விழுங்கிவிடாதீர்கள்: “இருந்து என்ன பண்றதுன்னு தோணுதா? சாகணும்னு நினைப்பு வந்ததா?” இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டதற்காக அழுது நன்றி சொன்னவர்கள்தான் எனக்கு அதிகம். அப்படிப்பட்டவரைத் தனியாக அனுப்பாமல், வீட்டு ஆளை அழைத்து, மனநல மருத்துவரிடம் அன்றே சேர்த்துவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையும் எழுதிக் கொடுங்கள், தமிழில் பேசலாம்.

எதைக் கேட்டாலும் “ஆமா” என்று சொல்லும் நோயாளியிடம் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். தலை வலிக்குது, கண் எரியுது, நெஞ்சு படபடக்குது, கை மரத்துப்போகுது, எல்லாமே. இவர்களைக் கண்டு சலித்துப்போவது எளிது. “இதுல எது புதுசு? எது உங்க வேலையைக் கெடுக்குது? ஒண்ணு மட்டும் சரியாகணும்னா எதைச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை, தூக்கமின்மை எல்லாம் இப்படித்தான் பல முகத்தோடு வரும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணும் இப்படித்தான் வருவார்.

ஒவ்வொரு சிஸ்டத்தைக் கேட்கும்போதும் மாத்திரைப் பையையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வறட்டு இருமலுக்கு எனலாப்ரில் காரணமாக இருக்கும். கால் வீக்கத்துக்கு அம்லோடிபின். இரண்டும் ரத்த அழுத்த மாத்திரைகள். ராத்திரி நாலு தடவை ஒன்னுக்கு எழுந்திருக்கும் பெரியவர் நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுகிறாராக இருக்கும். ‘வேற மாத்திரை இல்லை’ என்பவர் கடையில் வாங்கிய வலி மாத்திரையை மாத்திரை என்றே கணக்கில் வைப்பதில்லை. நாட்டு மருந்து, சூரணம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எழுதும்போது முதல் இரண்டு வரியில் நோயாளியின் சொல்லையே தமிழில் எழுதிவிட்டு, அப்புறம் நம் மருத்துவச் சொல்லுக்குப் போங்கள். ‘மயக்கம், எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது’ என்று எழுதினால், அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் திரும்பவும் தலைசுற்றலிலிருந்து தொடங்கமாட்டார். தினமும் ஒரே ஒரு நோயாளிக்காவது முழுசாகக் கேட்டுப் பழகுங்கள். இரண்டு மாதத்தில் பத்து நிமிடத்துக்குள் முடிக்க வந்துவிடும், ஓ.பி.யில் எதைச் சுருக்கலாம் என்பதும் தானாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. சீட்டை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, “டாக்டர், இன்னொண்ணு” என்பார். அவரை மறுபடியும் உட்கார வையுங்கள், வெளியே கூட்டம் எவ்வளவு இருந்தாலும். மூன்று மாதமாக இடுப்பு வலி என்று வந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் இப்படித்தான் வாசலில் நின்று, “சாயங்காலம் ஆனா லேசா சுடுது, ராத்திரி வேர்த்துப் பாய் நனைஞ்சுடுது, அதுக்கு மாத்திரை வேணுமா?” என்றார். அதுவரை நான் கேட்டதெல்லாம் அவர் தூக்கிய சுமையைப் பற்றித்தான். திரும்ப உட்கார வைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் துள்ளினார். எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்புக் காசநோய். கால் மரத்துப்போகும் முன்பே மருந்தைத் தொடங்கிவிட்டோம்.